ரத்தம் யாருடையது? தடைசெய்யப்பட்ட மந்திரத்தை நான்கு கேம்களில் உரசிப் பார்த்தால்

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் என்ற கேமில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசினால் எதிரியோடு சேர்ந்து உங்கள் ஆளும் வேகிறான். நார்மல் கடினத்தில் விளையாடினாலே அடி விழும். மிகக் கடினமான நைட்மேரில் முழு அடி. அதே கேமில் பிளட் வூண்ட் என்ற ரத்த மந்திரத்தைப் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் நிற்கும் எதிரிகளின் ரத்தம் கொதிக்கிறது, நின்ற இடத்திலேயே துடிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் வாளோடு நிற்கும் உங்கள் தோழன் அலிஸ்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இந்த இரண்டில் ஃபயர்பால், மேஜ்கள் (மந்திரவாதிகள்) படிக்கும் சர்க்கிள் கோபுரத்தில் பாடமாகச் சொல்லித் தருவது. பிளட் வூண்ட் உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே போதும், மேஜ்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்கள் வாளை உருவிவிடுவார்கள். கதைப்படி அப்படித்தான். கேமில் என்ன நடக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தடைசெய்யப்பட்ட மந்திரம் என்ற சரக்கு இல்லாத ஃபேன்டஸி கேம் அபூர்வம். கறுப்பும் சிவப்புமாக ஒரு ஐகான், தாடிக்காரக் கிழவர் ஒருவரின் எச்சரிக்கை, பூட்டிய புத்தகம் ஒன்று. அந்த மந்திரம் பிறவியிலேயே கெட்டதா, இல்லை அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஆகாததா என்பதை வசனத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துதான் போவோம். விதிகளைத்தான் பார்க்க வேண்டும். மந்திரத்தின் விலை யாருடைய உடம்பிலிருந்து போகிறது? அந்த ஆளால் முடியாது என்று சொல்ல முடிகிறதா? கதை பயமுறுத்துகிற விலையை கேம் உண்மையிலேயே வசூலிக்கிறதா? இந்த மூன்று கேள்விகளோடு அணுகினால் நான்கு பிரபலமான கேம்களும் நான்கு விதமாக நிற்கின்றன.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009)

பிளட் மேஜ் என்ற ஸ்பெஷலைசேஷனில் (சிறப்புப் பிரிவில்) நாலே நாலு மந்திரங்கள். நாலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதுதான் விஷயமே.

முதலாவது பிளட் மேஜிக். இது ஆன் செய்து வைக்கிற மோட். இது ஓடும்வரை ஸ்பெல்களுக்கு (மந்திரங்களுக்கு) மானா என்ற மந்திர சக்திக்குப் பதில் உங்கள் ஹெல்த் கரையும். கூடவே உங்கள்மேல் விழும் வைத்தியம் எல்லாம் வெகுவாக மழுங்கிவிடும். பூல்டிஸ் என்ற மருந்தைக் குடித்தாலும், தோழி வின் வந்து குணப்படுத்தினாலும், கிடைப்பது கொஞ்சம்தான். அறுக்கிற கையும் உங்களுடையது, சிந்துகிற ரத்தமும் உங்களுடையது. இதில் பாதிக்கப்பட்டவர் என்று யாரைக் காட்டுவது?

இரண்டாவது பிளட் சாக்ரிஃபைஸ். கூட வருகிற ஒருவரின் உயிரை உறிஞ்சி உங்கள் ஹெல்த்தை ஏற்றிக்கொள்கிறீர்கள். மோட் ஓடும்போது மற்ற வைத்தியம் மழுங்கினாலும் இது மழுங்காது. உறிஞ்சப்படுகிறவர் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. அவரை யாரும் கேட்பதில்லை; கேட்பதற்கு அங்கே ஒரு பட்டனும் இல்லை. நாலில் சந்தேகமே இல்லாமல் அசிங்கமானது இதுதான். பார்வைக்குப் பயங்கரமாக இருக்கிற பிளட் வூண்ட் மூன்றாவது. எதிரியைக் கொல்லும் விதம் வேறு என்பதைத் தவிர ஃபயர்பாலைவிடப் பெரிய குற்றம் எதுவும் அதில் இல்லை. ரத்தமில்லாத எலும்புக்கூடு, கோலெம் என்ற கல் பொம்மை மாதிரி ஜந்துக்களிடம் அது பலிக்காது என்பது மட்டும் குறை. நாலாவது பிளட் கன்ட்ரோல்: எதிரியின் ரத்தத்தைப் பிடித்து ஆட்டி, அவனை உங்கள் பக்கம் சண்டை போட வைப்பது. எதிர்த்து நின்றுவிட்டால் அதற்கே பலத்த அடி விழும். சுயபுத்தியைப் பறிக்கிற வேலை. கதைக்குள் இருக்கும் திருச்சபை உண்மையிலேயே பயப்படுவதும் இதற்குத்தான். ஆளும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற எவரையும் பொம்மையாக்கிவிடலாம் அல்லவா?

ஆக ஒரே தடை, நாலு தராசு. ஒன்று சுத்தம், ஒன்று சண்டைக்கான ஆயுதம், இரண்டு நிஜமாகவே தப்பு. சட்டமோ நாலுக்கும் ஒரே தண்டனை எழுதி வைத்திருக்கிறது. இதை வடிவமைப்பின் குறையாகச் சொல்ல மாட்டேன். சட்டம் பயத்தில் பிறந்தது என்பதைக் கதை நன்றாகவே காட்டுகிறது. தடை போட்டவர்களே ஒவ்வொரு மேஜின் ரத்தத்தையும் ஒரு குப்பியில் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபிலாக்டரி என்று பேர். தப்பி ஓடினால் அந்த ரத்தத்தை வைத்தே மோப்பம் பிடித்து வருவார்கள். ரத்தத்தை வைத்துச் செய்கிற அந்த வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் பாவம் தீர்ந்தது! போதாக்குறைக்கு, நாட்டைக் காக்கும் கிரே வார்டன்களின் சேர்க்கைச் சடங்கே டார்க்ஸ்பான் என்ற அரக்கர்களின் ரத்தத்தைக் குடிப்பதுதான்.

ரெட்கிளிஃப் கட்டம்தான் இந்த கேமின் உரைகல். கானர் என்ற சிறுவனுக்குள் பேய் புகுந்திருக்கிறது. பையனைக் கொல்லலாம். இல்லையென்றால் பிளட் மேஜான ஜோவான் ரத்தச் சடங்கு செய்து ஒருவரைப் பேயின் உலகத்துக்குள் அனுப்பலாம். அதற்கு ஓர் உயிர் வேண்டும், தாய் இசோல்டே தன் உயிரைத் தருகிறேன் என்று தானே முன்வருகிறாள். தடைசெய்யப்பட்ட மந்திரம், ஆனால் சம்மதத்தோடு கொடுக்கப்பட்ட உயிர். இவ்வளவு கூர்மையான கேள்வியை வைத்த கேம்கள் குறைவு. வைத்த கையோடு கெடுத்தும் விட்டார்கள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சர்க்கிள் கோபுரத்துக்குப் போய் மேஜ்களையும் லிரியம் என்ற மந்திரத் தாதுவையும் கூட்டி வந்தால் யாரும் சாக வேண்டாம். போய் வருவதற்குள் பேய் ஊரை அழித்துவிடும் என்ற பயம் வசனத்தில் மட்டும்தான். கோபுரத்து வேலை முழுவதையும் முடித்துவிட்டு ஆற அமர வந்தாலும் ரெட்கிளிஃப் அப்படியே காத்திருக்கிறது. பொறுமை இருப்பவருக்கு அறச்சிக்கல் இலவசமாகத் தீர்கிறது.

பிளட் மேஜ் ஆவதற்கான வழியும் அங்கேதான். பேயின் உலகத்துக்குள் போய், பேயோடு பேரம் பேசி, பையனை விட்டுக்கொடுத்தால் அந்த ஸ்பெஷலைசேஷன் திறக்கும். இங்கேதான் பெரிய ஓட்டை. ஒருமுறை திறந்தது உங்கள் ப்ரொஃபைல் முழுக்கத் திறந்தே இருக்கும். பேரத்துக்கு முன்னால் சேவ் செய்து, பேசி முடித்து, திறந்தது என்ற அறிவிப்பு வந்ததும் பழைய சேவை லோட் செய்தால் போதும். பையனையும் காப்பாற்றிவிடலாம், வித்தையும் கையில் நிற்கும். பேய்க்கே அல்வா கொடுத்தாயிற்று.

எல்லாவற்றையும் விட மோசமானது, யாரும் கண்டுகொள்ளாதது. டெம்ப்ளர் நிற்கிற அறையில் நின்று மணிக்கட்டை அறுத்துக்கொண்டாலும் அவர் பாட்டுக்கு நிற்கிறார். கதை சொல்லும் மரண தண்டனை, விதிப்புத்தகத்துக்கு வரவே இல்லை, ஏட்டுச் சுரைக்காய். 2011இல் வந்த இரண்டாம் பாகத்திலும் நாயகப் பாத்திரமான ஹாக் இதே வித்தையை ஊரறியச் செய்யலாம். அங்கே மெரில் என்ற துணைப் பாத்திரத்தின் கதைக்கு மட்டும் விலை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது.

விளையாட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கான்ஸ்டிடியூஷன் (உடல் வலிமை) ஒரு புள்ளிக்கு 5 ஹெல்த். பிளட் மேஜுக்கு அதுதான் மானா டேங்க் மாதிரி, எனவே எல்லாப் புள்ளியையும் மேஜிக்கிலேயே கொட்டாதீர்கள். சண்டை தொடங்கியதும் மோடை ஆன் செய்வது புதியவர்கள் செய்யும் தவறு. முதலில் மானாவைச் செலவழியுங்கள், காலியானதும் ஆன் செய்யுங்கள். எப்போதும் ஓடுகிற சஸ்டெயின்டு ஸ்பெல்களில் மானாவைப் பூட்டிவிட்டு, மற்றதை ரத்தத்தில் போடுவது இன்னும் லாபம். ஆர்க்கேன் வாரியர் என்ற இன்னொரு ஸ்பெஷலைசேஷனோடு சேர்த்து எடுப்பவர்கள் செய்வது இதைத்தான். ஹெல்த் இறங்கிவிட்டதா, மோடை அணைத்துவிட்டு வைத்தியம் வாங்குங்கள். மழுங்கல் எல்லாம் மோட் ஓடும்வரைதான்.

வாங்குவதாக இருந்தால் அல்டிமேட் எடிஷனை வாங்குங்கள், வார்டன்ஸ் கீப் என்ற கூடுதல் பகுதிக்காக (டிஎல்சி). அங்கே அவெர்னஸ் என்ற கிழட்டு மேஜ், உயிரோடிருந்த வார்டன்களை அறுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறான். அந்த ஆராய்ச்சியில் விளைந்த மருந்து மேஜைமேல் இருக்கிறது. குடித்தால் புது வித்தைகள் வரும். குடித்துவிட்டு அவனுக்கே மரண தண்டனையும் கொடுக்கலாம். குற்றத்தின் பலனை வைத்துக்கொண்டு குற்றவாளியைத் தூக்கிலிடுவது சரியா என்று கேம் வாய் திறந்து கேட்பதில்லை. மருந்தை அங்கே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மொத்த கேமிலும் நேர்மையான இடம் அதுதான். கணினியில் ஆடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது 32 பிட் நிரல், நினைவகம் நிரம்பினால் படுத்துவிடும், டெனெரிம் நகரில் குறிப்பாக. கூடுதல் நினைவகத்தை எடுத்துக்கொள்ள விடும் லார்ஜ் அட்ரஸ் அவேர் பேட்ச் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

முத்திரை குத்துகிற பழக்கம் எங்கிருந்து வந்தது

இந்த கேம்களுக்கெல்லாம் பாட்டன் வீடு, மேசையில் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 2003இல் வந்த அதன் 3.5 பதிப்பில் சில மந்திரங்களின் தலையிலேயே 'தீமை' என்று முத்திரை இருக்கும். பிணத்தை எழுப்பும் அனிமேட் டெட்டுக்கு அது உண்டு. கூடவே பிணத்தின் வாயிலோ கண்குழியிலோ, ஜந்துவின் பலத்தைக் காட்டும் ஹிட் டைஸ் ஒவ்வொன்றுக்கும் 25 பொற்காசு பெறும் கறுப்பு ஓனிக்ஸ் கல்லை வைக்க வேண்டும். சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் டெத்வாட்ச் என்று ஒன்று. எதிரே கிடப்பவர் சாகும் நிலையில் இருக்கிறாரா, பிழைப்பாரா என்று பார்த்துச் சொல்லும் மந்திரம். போர்க்களத்து மருத்துவருக்கு இதைவிட உபயோகமானது எது? அதற்கும் 'தீமை' முத்திரை! மனிதரின் புத்தியைப் பிடித்து ஆட்டுகிற டாமினேட் பெர்சனுக்கோ அந்த முத்திரை கிடையாது.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடுகிறது. 1989இன் இரண்டாம் பதிப்பில் காயத்தை ஆற்றும் மந்திரமே நெக்ரோமேன்சி பிரிவில்தான் இருந்தது. உயிரோடும் சாவோடும் சம்பந்தப்பட்ட எல்லாமே அந்தப் பிரிவு. பிறகு வந்த பதிப்புகளில் வைத்தியத்தை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், நெக்ரோமேன்சியின் பேர் கெட்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் இறந்தவரை உயிர்ப்பிக்கும் ரெய்ஸ் டெட் இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்தப் பதிப்பின் அனிமேட் டெட் ஒரு விஷயத்தில் மெச்சத்தக்கது: விலை விதியிலேயே இருக்கிறது. எழுப்பிய எலும்புக்கூடு 24 மணி நேரம்தான் சொல்பேச்சு கேட்கும். அதற்குள் மந்திரத்தை மறுபடி போட்டுப் பிடியைப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை போட்டால் நாலு வரை புதுப்பிக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று அளக்கிற ஸ்பெல் ஸ்லாட்டை மதியச் சண்டையில் தீர்த்துவிட்டால் இரவில் உங்கள் கூடாரத்துக்கு வெளியே, எஜமான் இல்லாத, உயிருள்ளவற்றைக் கண்டாலே ஆகாத ஒரு எலும்புக்கூடு வாளோடு நிற்கும். மேசையில் ஆட்டம் நடத்துபவர்கள் பலர் இந்தக் கணக்கை எழுதி வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். எழுதி வைத்தால் பிணமெழுப்புவது ஏன் ஊருக்கு ஆபத்து என்பது தானாக விளங்கும், பிரசங்கம் தேவைப்படாது.

ஸ்கைரிம் (2011)

இங்கே தடை கிட்டத்தட்ட இல்லை. வின்டர்ஹோல்ட் கல்லூரியில் நெக்ரோமேன்சி படிக்கலாம். பிணத்தை எழுப்பினால் கூட நின்று சண்டை போடும், நேரம் முடிந்தால் சாம்பலாகக் கொட்டும். ஆனால் தடை இல்லாத இந்த கேமில்தான் நிஜமான தீமை ஒளிந்திருக்கிறது, அதுவும் பட்டறைச் சாமானாக.

சோல் டிராப் என்ற மந்திரத்தைப் போட்டு 60 விநாடிக்குள் கொன்றால் ஆன்மா கல்லுக்குள் போகும். சாதாரணக் கற்களில் விலங்குகளின் ஆன்மாதான் அடங்கும். மனிதருக்குக் கறுப்புக் கல் வேண்டும். ஒரு மனித ஆன்மா எப்போதும் உச்ச அளவான கிராண்டாகவே கணக்காகும். விலங்குகளில் அந்த அளவு வேண்டுமென்றால் பெரிய ஜந்துக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே வழிப்பறிக்காரன் ஒருவன் போதும். அந்தக் கல்லை எதற்கு உபயோகிப்பீர்கள்? வாளின் மந்திர சார்ஜ் தீர்ந்தால் ஏற்றுவதற்கு. மெனுவில் கல்லைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், பட்டை நிரம்புகிறது, கல் போய்விடுகிறது. முடிந்தது ஒரு ஆள்.

அவன் எங்கே போனான் என்பதை 2012இல் வந்த டான்கார்ட் விரிவாக்கம் காட்டுகிறது: சோல் கெய்ர்ன். சாம்பல் நிற வெளி. கல்லில் அடைத்துச் செலவழித்த ஆன்மாக்கள் முடிவே இல்லாமல் அலைகின்றன, கிட்டப் போனால் பேசுகின்றன. அதுவரை பட்டையை நிரப்பியவருக்கு அங்கே நடப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். உள்ளே போவதற்கு நீங்கள் வாம்பயர் ஆக வேண்டும், அல்லது உங்கள் ஆன்மாவிலும் ஒரு பங்கைக் கல்லில் அடைக்க விட வேண்டும். அடைத்தால் ஹெல்த், மேஜிக்கா, ஸ்டாமினா மூன்றும் குறையும், தேடி மீட்கும்வரை. விலையை ஆட்டக்காரர் தன் உடம்பில் உணர்கிற இடம் அது ஒன்றுதான். டர்னெவீர் என்ற டிராகனும் அங்கே சிக்கிக் கிடக்கிறது. பிணப் படை வேண்டும் என்று அந்த வெளியை ஆளும் ஐடியல் மாஸ்டர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு பெண் சாகும்வரை காவல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அந்தப் பெண்ணோ சாவே இல்லாத வாம்பயர்.

இதற்குப் பிறகு வெளியே வந்து மீண்டும் கறுப்புக் கல்லை உபயோகிக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதைவிடக் கொடுமை மோர்தாலில் இருக்கிற ஃபாலியன். வாம்பயர் நோயைத் தீர்ப்பவர் அவர். வைத்தியத்துக்கு அவர் கேட்பது நிரப்பிய கறுப்புக் கல் ஒன்று. ஒரு சாபம் தீர இன்னொருவரை நிரந்தர நரகத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவும் கேமின் பார்வையில் நல்லது செய்யும் க்வெஸ்ட். எழுதியவர்கள் கவனித்துத்தான் எழுதினார்களா என்பது புரியவில்லை. 2016இன் ஸ்பெஷல் எடிஷனில் டான்கார்ட் சேர்ந்தே வருகிறது. தனியாகத் தேட வேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3 (2023)

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மண்டைக்குள் ஒரு புழு, அதன் சக்தியைத் தொட்டால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள் என்று கேம் முழுக்கப் பயமுறுத்தல். தொட்டால்? பலம் கூடுகிறது. அவ்வளவுதான். புழுக்களை ஒவ்வொன்றாக விழுங்கிப் பட்டியலை நிரப்பினாலும் கணக்குக் கேட்க வருபவர்கள் இல்லை. இவ்வளவு அருமையாக எழுதப்பட்ட கேமில் இது பெரிய வீண்.

பாழடைந்த கிராமத்து நிலவறையில் கிடைக்கும் 'நெக்ரோமேன்சி ஆஃப் தாய்' புத்தகம் பரவாயில்லை. திறக்க ஊதாக் கல் ஒன்று வேண்டும், அது ஃபேஸ் ஸ்பைடர் என்ற சிலந்திகள் இருக்கும் குகையில். மனோபலப் பரீட்சையைத் தாண்டிப் படித்து முடித்தால் கிடைப்பது, பிணங்களோடு பேசும் வித்தை. ஐந்து கேள்விகள் கேட்கலாம். நீங்கள் கொன்ற ஆளின் பிணம் உங்களோடு பேசாது. வேஷம் மாற்றிப் போனால் பேசும். கொலைகாரனிடம் வாய் திறக்காத பிணம் என்ற சின்ன விதி, புழுவைப் பற்றிய மொத்த வசனத்தையும்விட அறம் பேசுகிறது.

டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 (2017)

நாலில் முதலிடம் இதற்குத்தான். சோர்ஸ் என்ற சக்தியை உபயோகிப்பவர்களைக் கழுத்தில் பட்டை பூட்டி, ஃபோர்ட் ஜாய் தீவுக்கு அனுப்புகிறார்கள். தடைக்கு நிஜமான காரணம் உண்டு: சோர்ஸின் வாசனைக்கு வாய்ட்வோக்கன் என்ற ஜந்துக்கள் வருகின்றன. ஆக, பட்டை பூட்டுகிற மேஜிஸ்டர்களின் பயம் பொய்யில்லை. ஆனால் அவர்கள் தருகிற 'சிகிச்சை', சோர்ஸை உருவி எடுத்து ஆளைப் பேச்சற்ற, புத்தியற்ற சடலமாக நடக்க விடுகிறது. காரணம் சரி, வைத்தியம் கொடுமை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ள வைக்கிற எழுத்து இது.

விதிகளும் கூடவே வருகின்றன. தீவில் சில பன்றிகள் நெக்ரோஃபயரில் எரிந்துகொண்டே ஓடுகின்றன. தண்ணீர் ஊற்றினால் அணையாது. பிளெஸ் என்ற மந்திரம் போட வேண்டும், அதற்கு ஒரு சோர்ஸ் புள்ளி செலவாகும். அதாவது உங்களைச் சிறைக்கு அனுப்பிய அதே சக்திதான் அந்தப் பன்றிகளுக்கு விமோசனம். கேம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பன்றியை எரிய விட்டுக் காத்திருக்கிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் சோர்ஸ் வாம்பிரிசம் வரும். செத்தவர்களின் ஆவி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு, அந்த ஆவியை அப்படியே விழுங்கி ஒரு புள்ளி நிரப்பிக்கொள்ளலாம். ஆவி போனது போனதுதான். புள்ளிகள் அதிகபட்சம் மூன்றே என்பதால், பெரிய மந்திரங்களை இரண்டு முறை போடுவதற்குள் காலியாகிவிடும். சண்டைக்கு நடுவில் பசி எடுக்கும். சற்று முன் உங்களிடம் தன் கதையைச் சொன்ன ஆவி பக்கத்திலேயே நிற்கும். ரத்தம் யாருடையது என்ற கேள்வியை வசனமே இல்லாமல், வளப் பற்றாக்குறையை வைத்தே கேட்கிறார்கள்.

குறையும் உண்டு. நெக்ரோமேன்சர் என்ற பெயரிலேயே ஒரு தனி வித்தைப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும், நீங்கள் எதிரியின் உயிரில் செய்யும் சேதத்தில் 10 சதவீதம் உங்களுக்குத் திரும்ப வரும். பிணத்தை எழுப்பிச் சண்டைக்கு விடலாம். தெரு நடுவில் செய்தாலும் ஊர்க்காரர்கள் அசருவதில்லை. சோர்ஸுக்கு இவ்வளவு சட்டம் எழுதியவர்கள் இதை எப்படி விட்டார்கள்?

2018இன் டெஃபினிட்டிவ் எடிஷனையே எடுங்கள். நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஆவியை விழுங்குவதற்கு முன் பேசி முடித்துவிட்டு ஒரு சேவ் போடுங்கள். சில ஆவிகளிடம் க்வெஸ்ட்டுக்கான தகவல் இருக்கும், விழுங்கிய பிறகு அந்த நூல் அறுந்துபோகும். சேர்ந்து ஆடும்போது இதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டியில் ஒருவர் ஆவியிடம் கதை கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் பின்னாலிருந்து விழுங்கிவிடுவது நடக்கக்கூடியதுதான்.